பக்கத்தில் இருங்கள், கையை எடுங்கள்

காப்பகங்களில் பகல் சாப்பாடு பதினொன்றரைக்கே வந்துவிடும். பாய் விரித்து, குட்டித் தட்டுகளை வைத்து, ஒன்றரை வயதிலிருந்து மூன்று வயது வரையுள்ள எட்டுப் பத்துக் குழந்தைகளை உட்கார வைத்தால், அடுத்த அரை மணி நேரம் அந்த அறையைப் பார்த்துக்கொண்டிருக்க வெளியாளுக்குக் கொஞ்சம் மனத்திடம் வேண்டும். பருப்பு சாதம் தட்டில் பாதி, மடியில் பாதி. ஒருத்தி கேரட் துண்டுகளை மட்டும் பொறுக்கிப் பக்கத்துத் தட்டில் போடுகிறாள். ஒருவன் ஸ்பூனை இடது கையில் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு வலது கையால் அள்ளிச் சாப்பிடுகிறான். இன்னொருவன் ஸ்பூனாலேயே அள்ளுகிறான். வாய்க்குப் பக்கத்தில் வந்ததும் அது கவிழ்கிறது, மறுபடி அள்ளுகிறான். இவ்வளவுக்கும் நடுவே டீச்சர் அவர்கள் உயரத்துக்குத் தரையில் உட்கார்ந்திருக்கிறார். தட்டு காலியானால் கொஞ்சம் வைக்கிறார். கேட்டால் உதவுகிறார். ஊட்டவில்லை.

இன்னொரு வகை அறையும் உண்டு. ஒரு பெரிய கிண்ணம், ஒரே ஸ்பூன், வரிசையாக ஆறு வாய். ஆயாம்மா கடைசி வாய்வரை போய்த் திரும்புவதற்குள் முதல் குழந்தை விழுங்கி முடித்திருக்க வேண்டும். பத்தே நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும். தரை சுத்தம், சட்டை சுத்தம். பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவுக்குப் போகும் படமும் அழகாக இருக்கும்.

எந்த அறையில் பிள்ளையை விடுவீர்கள் என்று கேட்டால் இரண்டாவதைக் காட்டும் பெற்றோர்தான் நம்மிடையே அதிகம். அவர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை. வயிறு நிறையச் சாப்பிட்டதா என்பதுதான் வேலை முடிந்து ஓடிவரும் எந்தத் தாய்க்கும் முதல் கேள்வி. நிலாவைக் காட்டி ஊட்டிய வீடுகளில் வளர்ந்தவர்கள் நாம். ஆனாலும் நான் முதல் அறையின் பக்கம்தான். அங்கே நடப்பது சாப்பாடு மட்டும் இல்லை. தன் பசி எவ்வளவு, தனக்குப் போதும் எப்போது என்பதைத் தானே முடிவு செய்ய ஒரு மனிதக் குழந்தை தினமும் ஒருமுறை பழகிக்கொள்கிறது. அந்த அறை எப்படி இயங்குகிறது, நம் ஊரில் ஏன் அபூர்வமாக இருக்கிறது என்பதையே இங்கே எழுத நினைக்கிறேன்.

சேட்டை இல்லை, மணிக்கட்டு

முதலில் உடம்பைப் பற்றிப் பேசிவிடுவோம். ஒரு வயதை ஒட்டிக் கட்டைவிரலும் சுட்டுவிரலும் சேர்ந்து ஒற்றைப் பட்டாணியை எடுக்கப் பழகிவிடுகின்றன. ஸ்பூன் அப்படியில்லை. உள்ளங்கை முழுவதாலும் அதைப் பிடிக்கும் குழந்தைக்கு, கை வாயை நோக்கி மேலே போகும்போது மணிக்கட்டைச் சாயாமல் நிறுத்தத் தெரிவதற்கு இன்னும் பல மாதங்கள் ஆகும். அதுவரை சோறு கவிழத்தான் செய்யும். பெரியவர் கண்ணுக்கு அது சேட்டையாகத் தெரிகிறது. உண்மையில் அது பயிற்சி. ஸ்பூனைப் பிடுங்கி நாமே ஊட்டினால் சட்டை தப்பிக்கும், பயிற்சி தள்ளிப்போகும்.

நம் சமையலறையில் இந்தப் பயிற்சிக்கு ஒரு நல்ல ஏறுவரிசை இருப்பதை அனுபவமுள்ள டீச்சர்கள் கவனித்து வைத்திருப்பார்கள். இட்லி எளிது, பிய்த்தால் வந்துவிடும். குழைய வைத்த பருப்பு சாதமும் தயிர் சாதமும் விரலோடு ஒட்டிக்கொண்டு வாய்வரை வரும். தோசை கஷ்டம். ஒரே கையால் தோசையைப் பிய்க்கச் சில விரல்கள் அழுத்த, சில விரல்கள் இழுக்க வேண்டும். மூன்று வயதிலும் பலருக்கு இரண்டு கையும் தேவைப்படும். ரசம் சாதம் எல்லாவற்றுக்கும் கடைசி. புதிதாகச் சேர்ந்த குழந்தைக்கு முதல் வாரமே ரசம் சாதத்தைத் தட்டில் வைத்துவிட்டு, ‘இது தானா சாப்பிடாதுங்க’ என்று முடிவுக்கு வருவது அநியாயம்.

உடையிலும் இதே கதைதான். போடுவதற்கு முன்பு கழற்றத்தான் குழந்தைக்கு வரும். முதலில் சாக்ஸ், பிறகு வெல்க்ரோ வைத்த செருப்பு, அப்புறம் எலாஸ்டிக் நிக்கர். பட்டன் கடைசியில் வரும், அதுவும் பெரிய பட்டனும் தளர்ந்த காஜாவும் இருந்தால். ஆகவே காப்பகத்துக்கு அனுப்பும்போது என்ன உடை என்பது சாதாரண விஷயம் அல்ல. இதில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. சின்னப் பையன்களுக்கு எலாஸ்டிக் நிக்கரும் டி-ஷர்ட்டும் போட்டு அனுப்புகிற நாம், சின்னப் பெண்களுக்கு முதுகில் ஜிப்பும் கொக்கியும், இடுப்பில் நாடாவும் வைத்த கவுனைத் தேடித்தேடி வாங்குகிறோம். முதுகில் இருக்கும் கொக்கியை எந்த இரண்டு வயதுக் குழந்தையாலும் தானே கழற்ற முடியாது. அவசரத்துக்குக் கழிவறைக்குப் போகக்கூட அவள் இன்னொருவர் கைக்குக் காத்திருக்க வேண்டும். பெண்ணுக்கு இந்தக் காத்திருப்பை அவ்வளவு சீக்கிரம் பழக்க வேண்டியதில்லை.

சட்டை மாட்ட ஒரு வழி பல மாண்டிசோரி வகுப்புகளில் உண்டு. திறந்த சட்டையைத் தரையில் விரித்து, காலர் தன் பக்கம் இருக்கும்படி குழந்தை நிற்கும். குனிந்து இரண்டு கைகளையும் ஸ்லீவுக்குள் விட்டுத் தலைக்கு மேலே ஒரே வீச்சாகத் தூக்கினால் சட்டை முதுகில் வந்து உட்கார்ந்துவிடும். முதல்முறை அது சரியாக விழும்போது குழந்தையின் முகத்தை ஒருதரம் பார்த்தவர் அப்புறம் அவசரப்பட்டுச் சட்டை மாட்டிவிட மாட்டார்.

ரோமில் ஒரு குடியிருப்பு, அடையாற்றில் ஒரு கொட்டகை

சின்ன நாற்காலி, கைக்கு எட்டும் அலமாரி, தாழ்வான வாஷ்பேசின். இன்று எந்த ப்ளே ஸ்கூல் விளம்பரத்திலும் பார்க்கலாம். இவற்றுக்கு ஒரு பிறந்த இடம் உண்டு என்பதும், அது வசதியானவர்களின் பேட்டை அல்ல என்பதும் பலருக்குத் தெரியாது. ரோம் நகரில் சான் லொரென்சோ என்ற ஏழைத் தொழிலாளர் குடியிருப்பு. பெற்றோர் வேலைக்குப் போனபின் தனியே விடப்பட்ட குழந்தைகள் மாடிப்படியிலும் சுவரிலும் கைவரிசை காட்டுகிறார்கள் என்பதால், கட்டட நிர்வாகம் அவர்களை ஒரே அறையில் வைத்துப் பார்த்துக்கொள்ள ஏற்பாடு செய்தது. அந்தப் பொறுப்பு டாக்டர் மரியா மாண்டிசோரியிடம் வந்தது. 1907 ஜனவரி 6 அன்று திறந்த அந்த அறைதான் ‘காஸா தேய் பம்பீனி’, குழந்தைகளின் வீடு. வேலைக்குப் போகும் பெற்றோருக்கான காப்பகமாகத்தான் அது பிறந்தது.

அங்கே நடந்த இரண்டு சம்பவங்களை மாண்டிசோரி எழுதி வைத்திருக்கிறார். ஒருநாள் டீச்சர் தாமதமாக வந்தார். முந்தைய நாள் அலமாரியைப் பூட்ட மறந்திருந்தார். வந்து பார்த்தால் குழந்தைகள் தாங்களே பொருள்களை எடுத்துக்கொண்டு வேலையில் மூழ்கியிருக்கிறார்கள். டீச்சர் கண்ணுக்கு அது திருட்டு. மாண்டிசோரி அதில் வேறொன்றைப் பார்த்தார்: இவர்களுக்குத் தேர்ந்தெடுக்கத் தெரிகிறது. அதன் பிறகு பூட்டு போனது, குழந்தை கைக்கு எட்டும் தாழ்வான அலமாரி வந்தது.

இரண்டாவது சம்பவம் மூக்குச் சிந்துவது பற்றியது. கைக்குட்டையை எப்படி எடுப்பது, சத்தமில்லாமல் எப்படிச் சிந்துவது என்று ஒருநாள் அவர் நிதானமாகச் செய்து காட்டினார். குழந்தைகள் சிரிப்பார்கள் என்று எதிர்பார்த்தார். அவர்களோ கைதட்டினார்கள். மூக்கொழுகும் பிள்ளைகள் என்று எந்நேரமும் திட்டு வாங்கியவர்கள் அவர்கள். அதை எப்படிச் செய்வது என்று யாரும் அதுவரை மரியாதையாகச் சொல்லித் தந்ததில்லை. நூற்றாண்டு கடந்தும் இந்தச் சம்பவம் எனக்குப் பழசாகவில்லை. ‘மூக்க தொட, மூக்க தொட’ என்ற அதட்டல் நம் வகுப்பறைகளில் இன்றும் கேட்கிறது. ஒரு கண்ணாடியும் ஒரு துண்டுத் துணியும் சுவரில் குழந்தை உயரத்துக்கு மாட்டப்பட்டிருக்கும் அறைகள் குறைவுதான்.

மாண்டிசோரிக்கும் தமிழ்நாட்டுக்கும் நெருங்கிய உறவு உண்டு. பிரம்மஞான சபையின் அழைப்பில் 1939 இறுதியில் மகன் மரியோவுடன் அடையாறு வந்தார். ஓலை வேய்ந்த கொட்டகைகளில் ஏறத்தாழ 300 பேருக்கு முதல் பயிற்சி வகுப்பு நடந்தது. 1940இல் இத்தாலி போரில் இறங்கியதும், பிரிட்டிஷ் அரசு இத்தாலியர் என்பதால் மரியோவைச் சிறைமுகாமில் அடைத்தது. தாயை அடையாற்றைவிட்டு வெளியே போகாமல் கட்டுப்படுத்தியது. அந்த ஆண்டு ஆகஸ்ட் 31, அவருடைய எழுபதாவது பிறந்தநாளுக்கு, மகனை விடுவித்தார்கள். பிறகு கோடைக்கானலில் தங்கியிருந்தார். பிறந்த குழந்தையிலிருந்து மூன்று வயதுவரை என்ன நடக்கிறது என்ற கேள்வியில் அவர் ஆழமாக இறங்கியது இந்திய ஆண்டுகளில்தான். அகமதாபாத் உரைகளிலிருந்து உருவான ‘தி அப்சார்பென்ட் மைண்ட்’ 1949இல் அடையாற்றில்தான் அச்சாகி வந்தது. இன்று அவர் பெயர் ஆண்டுக்கு லட்சக்கணக்கில் கட்டணம் வாங்கும் பள்ளிகளின் பலகைகளில் தொங்குகிறது. தொழிலாளர் குடியிருப்பில் தொடங்கிய ஒன்று அங்கே போய்ச் சேர்ந்திருக்க வேண்டாம்.

லோட்சி வீட்டின் பொறுமை

குழந்தைகள் காப்பகம் என்ற சொல்லே சோகமாக ஒலித்த ஒரு காலமும் இடமும் உண்டு. இரண்டாம் உலகப்போர் முடிந்த புடாபெஸ்ட். பெற்றோரை இழந்த, பெற்றோரால் வளர்க்க முடியாத கைக்குழந்தைகளுக்காக 1946இல் லோட்சி தெருவில் ஓர் இல்லம் திறக்கப்பட்டது. பொறுப்பேற்றவர் எம்மி பிக்ளர் என்ற குழந்தை மருத்துவர். முதலில் வேலைக்கு இருந்த நர்ஸுகள் கச்சிதமாக வேலை செய்தார்கள்: பத்துக் குழந்தைக்கு டயப்பர் மாற்ற இத்தனை நிமிடம், பாலூட்ட இத்தனை நிமிடம். பிக்ளர் அவர்களை மாற்றிவிட்டு, குழந்தைகளிடம் ஆர்வமுள்ள இளம்பெண்களை எடுத்துப் பயிற்சி கொடுத்தார்.

அந்தப் பயிற்சியின் சாரம் இதுதான். குழந்தையைத் தொடுவதற்கு முன் சொல்ல வேண்டும். ‘இப்ப உன்னைத் தூக்கப் போறேன்’ என்று சொல்லிக் கையை நீட்டி, அது தயாராகும்வரை காத்திருக்க வேண்டும். சட்டையைக் காட்டிவிட்டு, கையை அதுவே நுழைக்கிறதா என்று பார்க்க வேண்டும். குளிப்பாட்டுவது, உடை மாற்றுவது, ஊட்டுவது எல்லாம் சீக்கிரம் முடித்துத் தள்ள வேண்டிய வேலைகள் அல்ல; அந்த ஒரு குழந்தைக்கு ஒரு பெரியவர் முழுதாகக் கிடைக்கும் நேரம் அவை. அந்த நேரம் நிறைந்திருந்தால், மீதி நேரத்தில் குழந்தை யாரையும் கூப்பிடாமல் தானே விளையாடும். தானாக உட்கார வராத குழந்தையை உட்கார வைப்பது கிடையாது. தானாக நடக்காததைக் கையைப் பிடித்து நடத்துவது கிடையாது. உருண்டு, தவழ்ந்து, பிடித்து எழுந்து, விழுந்து, அதுவே கண்டுபிடிக்கட்டும் என்று விட்டுவிடுவார்கள்.

நம் வீடுகளில் ‘தத்தக்கா பித்தக்கா’ என்று கையைப் பிடித்து நடத்தி மகிழும் தாத்தாக்களுக்கு இது கடுமையாகத் தோன்றலாம். நானும் தாத்தாவின் மகிழ்ச்சியைப் பறிக்கச் சொல்லவில்லை. ஆனால் பத்துக் குழந்தைகள் இருக்கும் அறையில், சொல்லிவிட்டுத் தொடுவது என்ற ஒரே பழக்கம் அறையின் சூழலையே மாற்றிவிடும். பின்னாலிருந்து வந்து மூக்கைத் துடைப்பது, பேச்சே இல்லாமல் இடுப்பில் தூக்கி ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்தில் வைப்பது எல்லாம் நம் காப்பகங்களில் சகஜம். ‘மூக்கு ஒழுகுது கண்ணு, துடைச்சிக்கலாமா? இந்தா துணி’ என்று சொல்ல மூன்று விநாடி கூடுதலாக ஆகும், அவ்வளவுதான்.

‘டாட்டா’ சொல்லாமல் போகாதீர்கள்

பெற்றோரின் பெரிய பயம் காலை வாசலில் இருக்கிறது. பிள்ளை அழுகிறது. ‘அது பாக்காதப்ப நைசா கெளம்பிடு’ என்று பாட்டி சொல்லி அனுப்பியிருப்பார். பல காப்பகங்களும் அதையே சொல்கின்றன. இதைவிட மோசமான யோசனை இல்லை. திரும்பிப் பார்க்கும்போது அம்மா காணாமல் போயிருந்தால், அடுத்த நாள் அந்தக் குழந்தை விளையாடாது. அம்மாவின் துப்பட்டாவைக் காவல் காக்கும்.

1950களின் நடுவில் உகாண்டாவில் தாய்களையும் குழந்தைகளையும் நெருங்கிக் கவனித்த உளவியலாளர் மேரி எய்ன்ஸ்வொர்த் கண்ட ஒன்று, பிறகு உலகம் முழுவதும் ஏற்கப்பட்டது. அம்மா அங்கேதான் இருக்கிறாள் என்ற உறுதி உள்ள குழந்தைதான் அவளைவிட்டு நகர்ந்து போய் உலகத்தைத் தொட்டுப் பார்க்கும். நடுநடுவே திரும்பி வந்து மடியைத் தொட்டுவிட்டு மறுபடி போகும். காப்பகத்தில் அந்த இடத்துக்கு ஒரு குறிப்பிட்ட டீச்சர் வேண்டும். தினமும் அதே முகம், டயப்பர் மாற்றுவதும் தூங்க வைப்பதும் அவரே. தனித்து நிற்கப் பழக்குகிறோம் என்று அழும் பிள்ளையைத் தனியே விடுகிறவர்கள் இந்த வரிசையைத் தலைகீழாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள்.

ஆகவே விடைபெறுவது சுருக்கமாக, வெளிப்படையாக இருக்கட்டும். ‘அம்மா வேலைக்குப் போறேன், நீ தூங்கி எழுந்து பால் குடிச்சதும் வந்துடுவேன்.’ மணிக்கணக்கு குழந்தைக்குத் தெரியாது, பால் நேரம் தெரியும். சொன்ன நேரத்துக்கு வந்துவிட வேண்டும் என்பதுதான் இதில் சிரமமான பாதி.

கண்ணாடியும் கதவும்

ஒன்றரை வயதுக்கும் இரண்டு வயதுக்கும் நடுவே குழந்தைக்குள் ஒரு திருப்பம் நிகழ்கிறது. 1972இல் பியூலா ஆம்ஸ்டர்டாம் என்ற உளவியலாளர் குழந்தைகளுக்குத் தெரியாமல் அவர்கள் மூக்கில் சிவப்புப் பொட்டு வைத்துக் கண்ணாடி முன்னால் நிறுத்தினார். சின்னக் குழந்தைகள் கண்ணாடிக்குள் இருக்கும் இன்னொரு பிள்ளையோடு விளையாடின. இரண்டு வயதை நெருங்கியவர்களில் பெரும்பாலோர் தங்கள் மூக்கைத் தொட்டுப் பார்த்தார்கள். அது நான்தான் என்று தெரிந்துவிட்டது. ‘வேணாம்’, ‘என்னுது’, ‘நானே’ என்ற முழக்கங்கள் வீட்டைக் கலங்கடிக்கத் தொடங்குவதும் அதே மாதங்களில்தான். உளவியலாளர் எரிக் எரிக்சன் 1950இல் எழுதியபடி, இந்தப் பருவத்தில் தன்னால் முடியும் என்ற நம்பிக்கை ஊன்றாத இடத்தில் வெட்கமும் சந்தேகமும் வந்து குடியேறும்.

நல்ல டீச்சர் இந்த ‘வேணாம்’ஐ எதிர்த்து நிற்பதில்லை, அதற்கு அடிபணிவதும் இல்லை. ‘சாப்பிடலாமா?’ என்று கேட்கமாட்டார். கேட்டால் ‘வேணாம்’தான் வரும், வந்தபின் கட்டாயப்படுத்தினால் கேட்டது பொய்யாகிவிடும். ‘சாப்பிடற நேரம் வந்தாச்சு. சிவப்புத் தட்டு எடுக்கிறியா, பச்சைத் தட்டா?’ என்பார். சாப்பாடு பெரியவரின் முடிவு, தட்டு குழந்தையின் முடிவு. இரண்டுக்கு மேல் தேர்வு கொடுத்தால் இந்த வயது திணறும்.

இதே வயதின் இன்னொரு முகத்தை நாம் அதிகம் கவனிப்பதில்லை. 2006இல் ஃபெலிக்ஸ் வார்னெக்கனும் மைக்கேல் டொமசெல்லோவும் வெளியிட்ட ஆய்வில், கை நிறையப் புத்தகம் வைத்திருந்த ஒருவர் மூடிய அலமாரியில் முட்டிக்கொண்டு நின்றார். பதினெட்டு மாதக் குழந்தைகள் எழுந்து போய்க் கதவைத் திறந்துவிட்டன. யாரும் கேட்கவில்லை, பாராட்டவும் இல்லை. அடுத்து 2008இல் வந்த ஆய்வு டீச்சர்கள் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது: உதவிய குழந்தைகளுக்குப் பரிசு கொடுத்தபோது, பிறகு அவர்கள் உதவுவது குறைந்தது. கையில் ஸ்டாரும் ஸ்மைலியும் குத்தி அனுப்பும் பழக்கத்தை இதைப் படித்தபின் மறுபடி யோசிக்கலாம்.

தட்டை எடுத்து வைப்பது, சிந்திய தண்ணீரைத் துடைப்பது, பாயைச் சுருட்ட ஒரு முனையைப் பிடிப்பது இவையெல்லாம் அவர்களுக்கு விளையாட்டைவிட மேலான வேலைகள். ‘ஆம்பளப் புள்ளைய தட்டு எடுக்க வைக்கறீங்களா?’ என்று சண்டைக்கு வரும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. அந்தச் சண்டையில் டீச்சர் பின்வாங்கக் கூடாது. நிர்வாகமும் அவரை விட்டுக்கொடுக்கக் கூடாது.

இது மேல்நாட்டு இறக்குமதி என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். முற்றமும் திண்ணையும் இருந்த நம் வீடுகளில் இரண்டு வயதுப் பிள்ளை சும்மா இருந்ததில்லை. சொம்பு எடுத்து வரும், கோழி விரட்டும், தாத்தாவுக்கு வெற்றிலைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்க் கொடுக்கும், வெங்காயம் உரிப்பவர் பக்கத்தில் உட்கார்ந்து தோலைக் குவிக்கும். அபார்ட்மென்ட் வாழ்க்கைதான் அந்த வேலைகளைப் பிள்ளையிடமிருந்து பறித்துக்கொண்டு கையில் செல்போனைக் கொடுத்தது.

டயப்பரும் கடியும்

கழிவறைப் பழக்கம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, ஒன்றைத் தவிர: நாள் குறிக்காதீர்கள். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் பெர்ரி பிரேசல்டன் 1962இல், தன் மருத்துவமனையில் பல ஆண்டுகளாகப் பார்த்த 1,170 குழந்தைகளின் பதிவுகளை வெளியிட்டார். குழந்தை தயாரானபின் தொடங்கி, மிரட்டாமல் விட்டபோது, பகல்நேரக் கட்டுப்பாடு சராசரியாக இரண்டரை வயதை ஒட்டி வந்தது. ஈரமானதைக் குழந்தையே சொல்வது, ஓரிரு மணி நேரம் உலர்ந்திருப்பது, நிக்கரைத் தானே கீழிறக்குவது ஆகியவை தயாராகிவிட்டதன் அடையாளங்கள். ‘டயப்பர் விட்டால்தான் அட்மிஷன்’ என்று விதி வைக்கும் இடங்கள் இதை ஒரு தேர்வாக மாற்றி, ஏப்ரல் மாதத்து வீடுகளைப் போர்க்களமாக்குகின்றன. வளர்ச்சி மெதுவாக வரும் குழந்தைகளுக்கு அந்த விதி கதவடைப்பு.

கடி இன்னொன்று. ஒரே வண்டிக்கு இரண்டு பேர், சொல்ல வார்த்தை இல்லை, பல் இருக்கிறது. கடித்த பிள்ளையை வகுப்புக்கு நடுவே நிறுத்திச் ‘சாரி’ சொல்ல வைப்பதில் எந்தப் பயனும் இல்லை. முதலில் கடிபட்டவரிடம் போக வேண்டும். பிறகு கடித்தவருக்கு ஒரு சொல் தர வேண்டும்: ‘குடு’, ‘எனக்கு அப்புறம்’. அதே வண்டி இரண்டாக இருந்தால் பாதிக் கடி குறையும் என்பது அறையை அமைப்பவர்கள் கற்ற பாடம்.

எத்தனை கை?

இதுவரை சொன்ன எல்லாவற்றுக்கும் ஒரே மூலப்பொருள் வேண்டும்: அவசரமில்லாத பெரியவர். அவர் எங்கிருந்து வருவார் என்பதுதான் இந்தக் கட்டுரையின் கடினமான இடம்.

சட்டங்கள் நம்மிடம் இல்லாமல் இல்லை. 30 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் குழந்தைகள் காப்பறை இருக்க வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் சொன்னது. வால்பாறையும் நீலகிரியும் அறிந்த 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டமும் அதைச் சொன்னது. 2017இல் திருத்தப்பட்ட மகப்பேறு நலச் சட்டம் 50 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் நிறுவனங்களில் காப்பகத்தைக் கட்டாயமாக்கியது. தாய் ஒரு நாளில் நான்கு முறை போய்ப் பிள்ளையைப் பார்த்து வரலாம். நடைமுறையில் எத்தனை தாய்மார் இந்த நான்கு முறையைக் கேட்டு வாங்கத் துணிவார்கள் என்பது வேறு.

அடுத்தது எண்ணிக்கை. அந்தச் சட்டத்துக்காக மத்திய அரசு 2018இல் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் மூன்று வயதுக்குட்பட்ட 10 குழந்தைகளுக்கு ஒரு பணியாளர் என்கின்றன. இங்கிலாந்தில் இரண்டு வயதுக்குட்பட்டவர்கள் என்றால் மூன்று பேருக்கு ஒருவர். இரண்டு வயதுக் குழந்தைகளுக்கு நான்கு பேருக்கு ஒருவர் என்று இருந்ததை 2023இல் ஐந்தாக்கியபோதே அங்கே பெரிய எதிர்ப்பு எழுந்தது. பத்துப் பேருக்கு ஒருவர் என்றால், ஒருத்தி சட்டைக்குள் கையை விடத் தேடும் இரண்டு நிமிடத்தில் ஒன்பது பேர் என்ன செய்வார்கள் என்ற கவலை டீச்சரின் கையை முந்த வைத்துவிடும். வரிசையாக ஆறு வாய்க்கு ஒரே ஸ்பூனால் ஊட்டும் ஆயாம்மாவுக்கு அன்பு குறைவு என்று யாரும் சொல்லிவிட வேண்டாம். அவருக்குக் கை குறைவு.

தமிழ்நாட்டில் 54,000க்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் இருக்கின்றன. 1975 அக்டோபர் 2 அன்று நாடு முழுவதும் 33 வட்டாரங்களில் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் கிளைகள் அவை. இரண்டு வயது முடிந்த குழந்தை இங்கே வரலாம். ‘ஆடிப் பாடி விளையாடு பாப்பா’ என்ற பாடத்திட்டம் இருக்கிறது. பெயரே நல்ல பெயர். பாயும் தட்டும் தரையும் தாழ்வாகவே இருப்பதால், விலைகூடிய தளவாடம் இல்லாமலேயே சின்னக் கைகளுக்கு ஏற்ற இடம்தான் அது. ஆனால் ஒரு பணியாளர், ஒரு உதவியாளர். எடை பார்ப்பதும், இணை உணவு கொடுப்பதும், கர்ப்பிணிகளைக் கணக்கெடுப்பதும், கைபேசிச் செயலியில் பதிவதும், தேர்தல் வந்தால் வாக்காளர் பட்டியலும் அவர்கள் தலையில். இரண்டு வயதுக் குழந்தை ஊற்றக் கற்றுக்கொள்ளும் தண்ணீர் ஜக்குக்குப் பக்கத்தில் உட்கார யாருக்கு நேரம்? மையங்களின் பணியாளர்களுக்கு மத்திய அரசு தருவதைச் சம்பளம் என்றுகூட அழைப்பதில்லை, மதிப்பூதியம். 2018 முதல் மாதம் 4,500 ரூபாய், மாநிலங்கள் தங்கள் பங்கைச் சேர்க்கின்றன. அவர்களுக்குப் பணிக்கொடை உண்டு என்பதை நிலைநாட்டவே 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு தேவைப்பட்டது. தனியார் காப்பகங்களில் நிலைமை இன்னும் மோசம். வருடத்துக்கு இரண்டு மூன்று டீச்சர் மாறினால், குழந்தை நம்பிச் சாய்ந்த மடி ஒவ்வொரு முறையும் காணாமல் போகிறது.

மூன்றாவது வயதுக்குப் பிறகு வருகிற எல்.கே.ஜி. பற்றியும் சொல்லத்தான் வேண்டும். தானே சட்டை போட்டு, தானே தண்ணீர் ஊற்றி, பாயைச் சுருட்டி வைத்த குழந்தையை அங்கே வாயில் விரல் வைத்து உட்காரச் சொல்கிறார்கள். தண்ணீர் குடிக்க அனுமதி, எழுந்திருக்க அனுமதி. ஏ முதல் இசட் வரை எழுதத் தெரிந்ததா என்று கேட்கும் பள்ளிகள், தன் பையைத் தானே திறக்கத் தெரியுமா என்று கேட்பதில்லை.

ஜூன் மாதச் சேர்க்கைக்கு முன் காப்பகம் பார்க்கப் போகிறவர்கள் சுவரில் வரைந்த கார்ட்டூனையும் ஏ.சி.யையும் கேமராவையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிட வேண்டாம். முடிந்தால் சாப்பாட்டு நேரத்தில் போங்கள். குழந்தைகளின் பைகள் யார் கைக்கு எட்டும் உயரத்தில் மாட்டியிருக்கின்றன என்று பாருங்கள். குடிதண்ணீர் எங்கே இருக்கிறது, குழந்தை கேட்டுத்தான் குடிக்க வேண்டுமா, தானே எடுத்துக்கொள்ளலாமா? இந்த அறையின் டீச்சர் எத்தனை மாதமாக இங்கே வேலை செய்கிறார் என்று கேளுங்கள். சம்பளம் நேரத்துக்கு வருகிறதா என்பதையும் நாசூக்காக விசாரியுங்கள். ஒரு குழந்தை தண்ணீரைக் கொட்டிவிட்டால் என்ன செய்வீர்கள் என்று டீச்சரிடமே கேளுங்கள். ‘நாங்க கொட்டவே விடமாட்டோம் மேடம்’ என்றால் இன்னும் இரண்டு இடம் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். துணி எங்கே தொங்குகிறது என்று அவர் காட்டி, அது உங்கள் முழங்கால் உயரத்தில் இருந்தால், கட்டணம் எவ்வளவு என்று கேட்கலாம்.